எல்லைக்குள் நின்ற நோட்டக்காரன்

அந்த விளையாட்டின் உதவிப் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆட்டக்காரர் ஒருவர் குறித்த கெடுவுக்குள் தம் முறையை ஆடாவிட்டால், அவருடைய நாட்டைக் கணினி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரும். நல்ல விதி. பணியில் இருக்கும்போதே இறந்துபோனவரின் மேசையிலிருக்கும் கோப்புகளை அடுத்த நாற்காலிக்குத் தள்ளிவிடுவதைப் போன்றது. அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்த காலத்தில் அப்படிப் பல கோப்புகளை நானே தள்ளியிருக்கிறேன். மாலை வாங்கப் போனவன் திரும்புவதற்குள் கோப்பு கைமாறியிருக்கும்.

என் கணவர் விஷயத்தில் அந்த விதி நடப்புக்கு வரவில்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவள் அயர்லாந்தில் வேலை பார்க்கும் எங்கள் மகள். கெடு எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் 'கெடு இல்லை' என்பதை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். அப்பா யோசித்து யோசித்துத்தான் ஆடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அவரை எரித்துவிட்டு வந்த பிறகும் கூடத்து அலமாரிமேல் கிடந்த டேப்லெட், 'உங்கள் முறை' என்று நாளுக்கொரு தடவை மணியடித்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ புண்ணியவான் அதைச் சார்ஜில் வேறு போட்டிருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மகள் இங்கேதான் இருந்தாள். மணியை அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். இரண்டு பேரும் எழுந்துபோய் அதை நிறுத்தவில்லை.

அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. திரையில் ஒரு பெரிய நிலப்படம். தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஆளுக்கொரு நாடு. ஊர்களைக் கட்டலாம், ஆட்களை அனுப்பலாம், படை நடத்தலாம். ஒருவர் தம் ஆட்களையெல்லாம் நகர்த்திவிட்டு 'முடிந்தது' என்று அழுத்தினால்தான் மற்றவருக்கு முறை வரும். யுத்த விளையாட்டு என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் அப்பாவும் மகளும் அதில் ஒரு நாள்கூட யுத்தம் செய்ததில்லை. அவர் அவருடைய கரையில் வயல் வைத்தார். அவள் அவளுடைய கரையில் ஊர் கட்டி அதற்குக் கொச்சங்காடி என்று நாங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரையே வைத்தாள்.

நாங்கள் தலைமுறையாக மலையாள மண்ணில், மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழர்கள். அவர் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போட் எஞ்சின் பழுதுபார்க்கிற மேஸ்திரி. நெஞ்சுவலி வந்து டாக்டர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகக் கூடாது என்று சொன்ன பிறகு வீட்டிலிருந்த எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். மிக்ஸி போயிற்று, சுவர்க் கடிகாரம் போயிற்று. என் பென்ஷன் பெட்டியின் பூட்டில் கை வைத்த அன்றுதான் நான் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் இந்த விளையாட்டை அனுப்பினாள்.

தினமும் சாயா குடிக்கும் நேரத்தில் ஸ்பீக்கரில் இருவரும் பேசுவார்கள்.

"அப்பா, ஆத்தைக் கடந்தா உன் ஆளுக்கு அந்த முறை தீர்ந்துச்சு. பின்னே அனங்க மாட்டான்."

"எந்தா மோளே அநியாயம்! என் ஆளு நீந்திப் போவான்."

"உன் ஆளு உன்னைப் போலத்தான் இருப்பான். எங்கேந்து நீந்துறது?"

"மெல்லச் சொல்லு. ஹார்பர் மேஸ்திரிக்கு நீச்சல் தெரியாதுன்னு சூப்பிரண்டம்மா மெமோ கொடுத்துருவா."

"அம்மா பக்கத்துல உண்டா?"

"உண்டு. கேக்காத மாதிரி பேப்பர் பார்க்குறா."

"சுகமான்னு கேளு."

அவர் என் பக்கம் திரும்பி, "சுகமான்னு கேக்குறா" என்பார். நான், "சுகம்தான்னு சொல்லுங்க" என்பேன். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதையெல்லாம் சொல்வேன். அலுவலகத்தில் 'தக்க வழியாக' என்று ஒன்று உண்டு. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு நேரே எழுதக் கூடாது. நடுவிலிருப்பவர் வழியாகத்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் தக்க வழி அவர்தான். எனக்கும் மகளுக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டையாவது இருந்திருக்கலாம், பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கும். அவளுடைய பள்ளிக்கூட மார்க்கு முதல் அயர்லாந்து விசா வரை எல்லாம் அவர் வழியாகவே வந்தது, என் பதில் அவர் வழியாகவே போயிற்று. அந்த வழி அடைந்துபோனால் மாற்று ஏற்பாடு என்ன என்று இருவருமே யோசித்து வைக்கவில்லை.

காரியம் முடிந்து அவள் புறப்பட்டபோது வாசலில் ஆட்டோ நின்றது. "டேப்லெட்டை எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டேன். "இங்கே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் போன பிறகு ஒரு நாள் மத்தியானம் மணியடித்தது. எழுந்து போய், முறையை நான் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் நிர்வாகக் காரணம்தான் சொல்வேன்: நிலுவையில் ஒன்று கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் 'முடிந்தது' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்பது மட்டும். அதை அழுத்தினால் மறுமுனையில் அவளுடைய போனில் 'அப்பா ஆடிவிட்டார், இனி உங்கள் முறை' என்று காட்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அழுத்தியிருப்பேனா, தெரியாது.

அடுத்த நாள் அவள் தன் முறையை ஆடியிருந்தாள்.

அப்புறம் நான் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த விளையாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள இணையத்தில் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். அதில் 'மெக்கானிக்ஸ்' என்று ஒரு பிரிவு. ஆட்டம் எப்படி இயங்குகிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். என் கணவர் பெயர்ப்பலகையைப் பார்த்து, நம்ம ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள் என்று உள்ளே நுழைந்தவர். டீசல் எஞ்சினைப் பற்றி யாருமே பேசவில்லை என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய கணக்கிலேயே நானும் கேள்வி கேட்டேன். ஆங்கிலத்தில் எனக்கு ஒரு நடைதான் தெரியும். 'மேற்படி ஊரில் தானியம் போதுமான அளவு இருந்தும் மக்கள்தொகை கூடாததன் காரணத்தைத் தெரிவிக்கக் கோருகிறேன்.' உடனே பதில் வந்தது: 'ப்ரோ, கூல். வீடு கட்டு.' வண்டி ஏன் மலைமேல் ஏறவில்லை என்று கேட்டேன். 'ப்ரோ, மலைமேல் வண்டி ஏறாது.' இதைக் கேட்க எனக்கு ஒரு பட்டமும் துறைத் தேர்வுகளும் தேவைப்பட்டன. ப்ரோ என்று என்னை யாரும் அதற்கு முன் அழைத்ததில்லை. திருத்தவில்லை. திருத்தினால் அவர் இல்லை என்று சொல்ல வேண்டிவரும்.

இப்படி வைகாசியில் இடவத்து மழை தொடங்கும்வரை ஆட்டம் நடந்தது. நான் ஒரு முறை, அவள் ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை போனில் நேரே பேசினோம், வேறு வழி இல்லாததால்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். அங்கே வெள்ளம் கேறிச்சா?"

"வாசல் வரைக்கும். உள்ளே வரல."

"ம்."

"உனக்கு அங்கே குளிரா?"

"இங்கே இப்போ வேனல், அம்மா."

"ஓ."

விளையாட்டைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால் அவள் ஆடியிருப்பாள். கொச்சங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சந்தை முளைத்திருக்கும், இல்லாவிட்டால் ஒரு தோப்பு. எனக்கு அது போதுமாயிருந்தது. போனில் கிடைக்காத ஏதோ ஒன்று அதில் கிடைத்தது என்றே சொல்வேன்.

இனிதான் நான் செய்த காரியம்.

அவருடைய ஆட்களில் ஒருவன் மகளுடைய எல்லைக்குள், கொச்சங்காடிக்கு அடுத்த கட்டத்தில், ஒரு மேட்டின்மேல் நின்றுகொண்டிருந்தான். படைவீரன் இல்லை. சுற்றுமுற்றும் பார்ப்பதற்கென்றே விளையாட்டில் இருக்கிற ஸ்கவுட் என்ற வகை. ஆட்களுக்குப் பெயர் வைக்கலாம். இவனுக்கு மட்டும் அவர் ஆங்கில எழுத்தில் 'நோட்டக்காரன்' என்று பெயர் வைத்திருந்தார். சும்மா நிற்கும் ஆளைத் தூங்கச் சொல்ல ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அவன் பிறகு நம்மைத் தொந்தரவு செய்ய மாட்டான். இவர் அதை அழுத்தவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரை தானாக அந்த மேட்டுக்குப் போய் நிற்கும், 'என்ன செய்யட்டும்?' என்று அவன் கேட்பான், 'இந்த முறை ஒன்றும் வேண்டாம்' என்று நான் அழுத்த வேண்டும். தினமும் உத்தரவு கேட்டு, தினமும் அதே உத்தரவைப் பெறும் பணியிடங்கள் எனக்குப் பழக்கம்தான். எங்கள் அலுவலகத்திலேயே இருந்தன.

அதோடு அந்தப் பெயரும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் தமிழை வீம்பாகப் படித்தவள். மட்டாஞ்சேரியில் எங்கள் ஆட்கள் எல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம் போனபோதும், வீட்டில் அப்பா சிலேட்டில் தமிழ் எழுதவைத்தார், கல்லூரியிலும் தமிழை எடுத்தேன். நான் படித்த தமிழில் நோட்டம் பார்ப்பவன் திருட வந்தவன், இல்லாவிட்டால் அவனைப் பிடிக்க வந்தவன். பெற்ற பெண்ணின் ஊர் வாசலில் வேவு பார்க்க ஓர் ஆள் நிறுத்துவது என்ன மரியாதை? அவர் போன பிறகு அந்த வேவு என் பெயரில் நடப்பதாகவல்லவா அவள் நினைப்பாள்?

பொத்தான் வரிசையில் 'ரிட்டயர்' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். நிஜமாகச் சொல்கிறேன், அவன் ஊர் திரும்பிவிடுவான் என்றே நினைத்தேன். எனக்குத் தெரிந்த ரிட்டயர்மெண்டில் ஆள் வீட்டுக்குத்தான் போவான். பூச்செண்டு, பென்ஷன், நடைப்பயிற்சி எல்லாம் உண்டு. இங்கே அவன் அப்படியே இல்லாமல் போனான். அவனைச் சுற்றியிருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின. கொச்சங்காடியும் சாம்பலாயிற்று. நம் ஆள் அருகில் இல்லாத இடத்தை விளையாட்டு காட்டாது. கடைசியாகப் பார்த்தபடி ஒரு நிழலை மட்டும் வைத்திருக்கும்.

'முடிந்தது' என்று அழுத்திவிட்டு எழுந்தேன். ஒரு வெட்டிப் பணியிடத்தை ஒழித்த திருப்தி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவளுடைய முறை திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை, 'வேலை அதிகம்' என்று மலையாளத்தில் ஒரு செய்தி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அதே செய்தி. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கெடு இல்லாத ஆட்டம் என்றால் என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் நினைத்தால் இனி ஆயுள் முழுக்க ஆடாமல் இருக்கலாம். கேட்க ஒரு விதியும் இல்லை.

டிராலிங் தடைக்காலம் வந்து போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடந்த நாட்களில், ஒர்க்‌ஷாப்பில் அவரோடு வேலை பார்த்தவன் ஒரு பொட்டலம் மத்தி மீனோடு வந்தான்.

"சேச்சி, வள்ளக்காரன் தந்தது. போட்டு போகாம வேற மீனில்ல."

"மேஸ்திரி இருந்தா மத்தியைப் பார்த்து மூஞ்சைத் தூக்குவார்."

"தூக்குவாரு. பின்னே மூணு தடவை சோறு வாங்குவாரு."

சாயா கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் தயங்கினான்.

"ஒரு காரியம் கேக்கணும் சேச்சி. மேஸ்திரிக்கு அயர்லாந்துல ஆளுண்டோ?"

"என்ன ஆளு?"

"மோள் இருக்கிற இடத்துல நோட்டக்காரனை நிறுத்தியிருக்கேன், அதுனால எனக்குப் பயமில்லன்னு எப்பவும் சொல்லுவாரு. நம்ம ஹார்பர் ஆளு யாரோ அங்கே போய்க் கிடக்கான்னு நினைச்சேன். எவ்வளவு கொடுக்குறீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு. இப்போ அவர் இல்லியே, அந்த ஆளுக்கு விவரம் சொன்னீங்களா? இல்லேன்னா அவன் அங்கேயே நிப்பானே, பாவம்."

"அது விளையாட்டுப்பா."

"விளையாட்டாவா சொன்னாரு?"

"இல்ல" என்றேன். "காரியமாத்தான் சொல்லியிருக்காரு."

மீன்பிடித் துறைமுகத்தில் அந்த வார்த்தைக்குப் பொருள் வேறு. முதலாளி ஊரில் இல்லாதபோது கட்டிப்போட்ட போட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பவன்தான் அங்கே நோட்டக்காரன். கயிறு இழுபடுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்பவன். மலையாளத்தில் நோக்குவது என்றால் பார்ப்பது, பார்த்துக்கொள்வதும் அதுவே. மகள் வளர்ந்தது அந்த மொழியில். இத்தனை வருஷம் இதே ஊரில் காது வைத்துக்கொண்டிருந்த எனக்கு, அன்று பார்த்து என் தமிழ்தான் முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

அவன் போன பிறகு மன்றத்தில் ஒரு கேள்வி போட்டேன். பிறத்தியார் எல்லைக்குள் நம் ஆள் எப்படி நிற்க முடியும்? இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பதில் வந்தது. நிற்க முடியாது, ப்ரோ. எல்லையைத் திறந்துவிட எதிராளி ஒப்பந்தம் போட்டால்தான் முடியும். ஒப்பந்தம் அவ்வப்போது காலாவதியாகும், இரண்டு பேரும் சம்மதித்தால் நீளும். யாராவது ஒருவர் மறுத்தால் ஆளை எல்லைக்கு வெளியே தள்ளிவிடும்.

அப்படியானால் அந்த மேட்டை அவருக்குக் கொடுத்தவள் அவள்தான். அப்பா நிற்கட்டும் என்று திரும்பத் திரும்பச் சம்மதம் கொடுத்திருக்கிறாள், அவர் போன பிறகும். எனக்கும் ஒரு தடவை திரையில் ஒரு கேள்விப் பெட்டி வந்திருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன், படிக்காமல். வரவேடு முதல் வாடகைச் சீட்டு வரை அடிக்குறிப்போடு படித்துக் கையெழுத்துப் போடுகிறவள், வாழ்க்கையில் படிக்காமல் ஒப்புக்கொண்ட ஒரே காகிதம் அதுதான். தப்பாகவும் போகவில்லை, நானாகக் கெடுக்கும்வரை.

செய்ததைத் திருப்ப முடியுமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த எந்த உத்தரவுக்கும் மேல்முறையீடு உண்டு, சீராய்வு உண்டு, கடைசியில் கருணை மனுவாவது உண்டு. 'இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் திருப்ப முடியாது, ப்ரோ. ஒரு ஸ்கவுட்தானே, புதுசாக ஒன்று செய்துகொள்.'

விளையாட்டுக்குள்ளேயே எதிராளிக்கு எழுத ஓர் இடம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் பொருள் இருந்தது, பார்வை இருந்தது, சூழ்நிலை விளக்கம் இருந்தது. என் கீழே வேலை பார்த்த ஒருவர் எழுதியிருந்தால் 'நன்று' என்று குறிப்பு வைத்திருப்பேன். அழித்தேன். இரண்டாவது எழுதியதில் உன் அப்பா, உன் அப்பா என்று வந்துகொண்டே இருந்தது. மறுபடியும் அவர் வழியாகவே அனுப்பப் பார்க்கிறேன் என்று தெரிந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் அவளுக்கு எளிதாயிருக்கட்டும் என்று மலையாளத்தில் எழுதினேன். சாரம் இவ்வளவுதான்: ஆடுவது அம்மா. ரிட்டயர் என்றால் வீட்டுக்கு வருவான் என்று நினைத்துவிட்டேன். அங்கே நிறுத்த இன்னொருவனை அனுப்பினால் வழி விடுவாயா?

அனுப்பிவிட்டேன். கர்க்கடகம், நம் ஆடி மாதம், முழுக்க மழை. சந்தில் வெள்ளம் ஏறி இறங்கியது. பக்கத்துக் கிடங்கில் நனைந்த சுக்கு மூட்டைகளைப் பிரித்துப் போட்டு ஃபேன் வைத்தார்கள். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது என் தொழில். ஒன்று, இரண்டு, பிறகு மேலதிகாரிக்கு நகல். ஒன்றும் அனுப்பவில்லை. டேப்லெட்டைத் திறப்பேன். படத்தில் கொச்சங்காடி சாம்பல் நிறத்தில் இருக்கும், சந்தையோடும் தோப்போடும், நான் கடைசியாகப் பார்த்தபடியே. அங்கே இப்போது உண்மையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பெண் அங்கே சாப்பிட்டாளா, யாரோடு பேசுகிறாள், அப்பா இல்லாததை யாரிடம் சொல்கிறாள் என்பதும் தெரியாது. மூடி வைத்துவிடுவேன்.

பதில் காலையில் வந்தது. சாயாவுக்குப் பால் வைத்திருந்தேன். மலையாளத்தில், அதே இடத்தில் எழுதியிருந்தாள்:

"அம்மா, மெசேஜ் அன்றைக்கே பார்த்தேன். எழுத வரவில்லை. அது அப்பா நிறுத்திய ஆள். அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கட்டும், அங்கே வேறு யாரையும் நிறுத்த வேண்டாம். பக்கத்துக் கட்டத்தில் நிறுத்திக்கொள். நான் ஆடிவிட்டேன், உங்கள் முறை."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்க எழுந்திருக்கவில்லை, இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தேதி, மலையாளக் கணக்கில் சிங்க மாதம் ஒன்று, வருஷப் பிறப்பு.